சைனா என்றால் சீனா இல்லை

“லண்டனில் படிக்கும் என் மகனை, பகுதிநேர வேலை செய்கிற இடத்தில் ஒரு பெரியவர் ‘மை ஓல்ட் சைனா’ என்கிறாராம். கேலி செய்கிறாரா?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இல்லை. அவர் உங்கள் மகனைப் பீங்கான் தட்டு என்கிறார், அதாவது நண்பன் என்கிறார்.

கிழக்கு லண்டனின் காக்னி பேச்சில் பிறந்த ரைமிங் ஸ்லாங் இது. ஸ்லாங் என்றால் தெருப் பேச்சு. ரைம் என்றால் நம் யாப்பில் இயைபு, கடைசி ஓசை ஒத்துவருவது. நண்பன் ‘மேட்’. அதற்கு ஓசை ஒத்தது ‘சைனா பிளேட்’. இதுவரை குழந்தை விளையாட்டுதான். அடுத்து, ஓசை ஒத்த அந்தப் ‘பிளேட்’டையே வெட்டி எறிந்துவிடுகிறார்கள். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கிணற்றில் போட்ட மாதிரி!

அடுக்களைச் சாமான்கள் இதில் நிறையவே உண்டு. பிள்ளைகள், அதாவது ‘கிட்ஸ்’, சட்டி மூடிகள் ஆனார்கள்: ‘சாஸ்பேன் லிட்ஸ்’. ‘ஹெட்’ என்பது ‘லோஃப் ஆஃப் பிரெட்’ ஆகி, ‘லோஃப்’ என்று சுருங்கியது. ‘யூஸ் யுவர் லோஃப்’ என்றால் மூளையைக் கொஞ்சம் பயன்படுத்து. திருடன், அதாவது ‘தீஃப்’, ‘டீ லீஃப்’ ஆனான். இதைப் பொதுவாக யாரும் வெட்டுவதில்லை. வெட்டினால் வெறும் டீதான் மிஞ்சும்.

எனக்கு மிகவும் பிடித்தது பாட்டில் கதை. பின்புறத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஆர்ஸ்’ என்றொரு கொச்சைச் சொல் உண்டு. லண்டன்காரர் வாயில் அந்த ‘ர்’ ஒலிக்காது, ‘ஆஸ்’ என்றே வரும். ஆகவே ‘பாட்டில் அண்ட் கிளாஸ்’. வெட்டினால் ‘பாட்டில்’. சரி, இதோடு விட்டார்களா? பாட்டிலுக்கு ஓசை ஒத்தவர் யார்? அரிஸ்டாட்டில்! அவரையும் நறுக்கி ‘அரிஸ்’ ஆக்கினார்கள். சுற்றிச் சுற்றிக் கிட்டத்தட்டப் புறப்பட்ட சொல்லுக்கே வந்தாயிற்று. அப்புறமும் ஆசை அடங்கவில்லை. அரிஸுக்கு ‘பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்’, மிச்சம் ‘பிளாஸ்டர்’. மாவுக்கட்டுப் பொடிக்கும் மனிதனின் பின்புறத்துக்கும் என்ன உறவு என்று நேராக யோசித்தால் ஆயுசுக்கும் விடை கிடைக்காது. நடுவே ஒரு கிரேக்கத் தத்துவ ஞானியும் ஒரு பாட்டிலும் நிற்கிறார்கள்.

திருடர்கள் போலீஸை ஏமாற்ற உருவாக்கிய ரகசிய மொழி இது என்று இணையத்தில் அடித்துச் சொல்கிறார்கள். எனக்கு நம்பிக்கையில்லை. ஜான் கேம்டன் ஹாட்டன் என்ற லண்டன் பதிப்பாளர் 1859-இல் வெளியிட்ட ஸ்லாங் அகராதியிலேயே இந்தப் பேச்சு இடம்பெற்றது. தெருவில் பாடியும் கூவியும் பிழைத்தவர்களிடம் அதற்குச் சுமார் 12, 15 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்கிறார் அவர். அகராதி போட்டுக் கடையில் விற்ற பிறகும் புதுப்புதுச் சொற்கள் வந்துகொண்டே இருந்தன. வீட்டுக்குள் டெலிபோன் வந்ததும் அதற்கும் ஒன்று, ‘டாக் அண்ட் போன்’. நாயும் எலும்பும்! இது ஒளித்து வைக்கிறவர்கள் செய்கிற வேலையாகத் தெரியவில்லை. பேசிப் பேசிச் சிரிக்கிறவர்களின் வேலை.

உங்கள் மகனும் அந்தப் பெரியவரைத் தாராளமாக ‘சைனா’ என்று அழைக்கலாம். ‘பிளேட்’ என்று மட்டும் சுருக்க வேண்டாம். ‘ஃபீட்’டுக்கு ‘பிளேட்ஸ் ஆஃப் மீட்’ என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. பெரியவர் குனிந்து தன் பாதத்தைப் பார்ப்பார்.