வளங்குன்றா வளர்ச்சி: சொல் விளக்கம்

திருநெல்வேலிச் சீமையில் மானூர் பக்கம் ஒரு குளத்தங்கரையில் பலகை வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் சமூகப் பொறுப்பு நிதியில் கரையைப் பலப்படுத்தியதாக எழுதி, கீழே ‘நிலையான வளர்ச்சி திட்டம்’ என்று போட்டிருந்தது. கரைமேல் நான்கு சிமெண்ட் பெஞ்சு. அதில் ஒன்றில் காற்று வாங்கிக்கொண்டிருந்த அண்ணாச்சி, நான் சொற்களைப் பற்றி எழுதுகிறவன் என்று தெரிந்ததும் கேட்டார்: “நிலையான வளர்ச்சின்னா என்ன தம்பி? நிக்குமா, வளருமா?”

சிரித்துவிட்டேன். ஆனால் சரியான கேள்வி. ‘நிலை’ என்பது நில் என்ற வினையிலிருந்து வந்தது. வளர்வது நிற்காது. ‘சஸ்டெயினபிள் டெவலப்மெண்ட்’ என்பதைத் தமிழாக்கப் போய் நிலையான வளர்ச்சி, நிலைத்த வளர்ச்சி, நீடித்த வளர்ச்சி, பேண்தகு வளர்ச்சி என்று பல சொற்களைப் புழங்குகிறோம். இலங்கைத் தமிழர் நிலைபேறான அபிவிருத்தி என்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானே என்று விட்டுவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மூலச் சொல்லைப் பார்ப்போம். ஆங்கிலத்துக்கு அது லத்தீனிலிருந்து போனது. ‘சப்’ என்றால் கீழே, ‘டெனேரே’ என்றால் பிடித்தல். இரண்டும் சேர்ந்து கீழிருந்து தாங்கிப் பிடிப்பது என்று பொருள். கருத்தாக அது வேர் பிடித்தது ஜெர்மனியில், அதுவும் ஒரு காட்டில். சாக்சனிப் பகுதியின் ஃப்ரைபெர்க் ஊரில் வெள்ளிச் சுரங்க அதிகாரியாக இருந்தவர் கார்லோவிட்ஸ். வெள்ளியை உருக்க விறகு வேண்டும். சுற்றுவட்டாரக் காடெல்லாம் அடுப்புக்கே போய்க்கொண்டிருந்தது. மரம் முளைத்து வளர்கிற அளவுக்கு மேல் வெட்டாதே என்று அவர் 1713-ல் எழுதினார். அதற்கு அவர் எடுத்தாண்ட ஜெர்மன் சொல்லின் பொருள், ‘பின்னும் பிடித்து நிற்கிற’ என்பது. இத்தனைக்கும் அவர் துறவி அல்ல, கணக்குப் பார்க்கிற ஆள். விறகு தீர்ந்தால் வெள்ளியும் இல்லை. விதைநெல்லைக் குத்தித் தின்னாதே என்று நம் வீட்டுப் பாட்டி சொன்ன அதே கணக்குதான்.

1987-ல் நார்வேயின் பிரதமர் புருண்ட்லாண்ட் தலைமையிலான ஐ.நா. ஆணையம் இதை உலகச் சொல்லாக்கியது. வருங்காலத் தலைமுறை தன் தேவையைத் தீர்த்துக்கொள்ளும் வழியைக் கெடுக்காமல் இன்றைய தேவையைத் தீர்ப்பது என்று அது வரையறுத்தது. 2015-ல் ஐ.நா. 2030-க்கென 17 இலக்குகளை வகுத்தபின் சொல் எல்லாக் கம்பெனிகளின் ஆண்டறிக்கைக்குள்ளும் புகுந்துவிட்டது.

ஆக, மூலத்தில் குறையக் கூடாது என்று சொன்னது எதை? காட்டை. வெள்ளி உற்பத்தியை அல்ல. ‘நிலையான வளர்ச்சி’ என்றதும் நிலைக்க வேண்டியது வளர்ச்சி என்று ஆகிவிடுகிறது. வருடா வருடம் லாபம் ஏறினால் அதுவும் நிலையான வளர்ச்சிதான் என்று ஒரு நிறுவனம் சொன்னால், தமிழ்ப்படி தப்பு சொல்ல முடியாது. வளங்குன்றா வளர்ச்சி என்று பாருங்கள்: குன்றக் கூடாதது வளம். எது குறையக் கூடாதோ அதன் பெயர் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இலக்கணத்திலும் ஒரு அழகு உண்டு. ‘நீடித்த’ என்பது இறந்தகாலப் பெயரெச்சம். ஏற்கெனவே நீடித்து முடிந்ததைச் சொல்கிறது. ‘குன்றா’ என்பது குன்றாத என்பதன் ஈறு கெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அது காலம் காட்டாது. நேற்று, இன்று, நாளை மூன்றுக்கும் பொது. புருண்ட்லாண்ட் ஆணையம் ஒரு வாக்கியம் எழுதிச் சொன்னதை நம் ‘ஆ’ ஒற்றை எழுத்தில் சொல்லிவிடுகிறது.

சரி, இதில் கம்பெனி எங்கே வருகிறது? அந்தச் சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. லத்தீனில் ‘பானிஸ்’ என்றால் ரொட்டி. சேர்ந்து ரொட்டி தின்கிறவர்கள் கம்பெனி. திருநெல்வேலிச் சீமைக்கு அது ‘கும்பினி’யாக வந்தது. 1799-ல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது அந்தக் கும்பினிதான். சேர்ந்து தின்ன வந்த மாதிரி இல்லை. அடுத்த நூற்றாண்டில் ஸ்காட்லாந்துக்காரர்களான ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் அருவித் தண்ணீரின் விசையை நம்பிப் பஞ்சாலை வைத்தார்கள். அவர்களுடைய தூத்துக்குடி கோரல் மில்லில் 1908-ல் நடந்த வேலைநிறுத்தத்துக்கு வ.உ.சி. துணை நின்றார். கூலி உயர்வு, வாராந்தர விடுமுறை என்று கேட்டார்கள், பெற்றார்கள். வளம் என்றால் நீர்வளம், நிலவளம் மட்டுமல்ல, ஆளும் வளம்தான் என்று நம் சீமை அன்றைக்கே சொல்லிவிட்டது.

மாஞ்சோலை மலைத் தோட்டத்தின் கதை இன்னும் கசப்பு. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து எட்டாயிரத்துச் சொச்சம் ஏக்கர் காட்டை 99 வருடக் குத்தகைக்கு எடுத்தது பாம்பே பர்மா நிறுவனம். தேயிலை, காப்பி எல்லாம் நன்றாகவே வளர்ந்தன. குத்தகை 2028-ல் முடிய இருக்க, 2024-லேயே தொழிலாளர்களிடம் விருப்ப ஓய்வுக் கடிதம் கேட்டார்கள். தலைமுறை தலைமுறையாக எஸ்டேட் லயன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள், மலையிலிருந்து இறங்கினால் சொந்தமென்று நிற்க ஒரு சென்ட் இடம் இல்லாமல் நின்றார்கள். காடு அரசுக்குப் போவது நல்லதுதான். ஆனால் அந்த வளர்ச்சியில் ஆள்வளம் குன்றியதா இல்லையா?

தண்ணீருக்கு வருவோம். தாமிரபரணி பொதிகையில் பிறந்து, எட்டு அணைக்கட்டு தாண்டி, புன்னைக்காயலில் கடல் சேர்கிறது. கார், பிசானம் இரண்டு நெல் போகத்துக்கும் அதே தண்ணீர். கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் பன்னாட்டுக் குளிர்பான ஆலைகளுக்கு அதைக் கொடுப்பதை எதிர்த்து வழக்கு நடந்தது. 2016 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் தடை நீங்கியது. சட்டப்படி அதோடு முடிந்தது. வளங்குன்றா என்ற சொல் கேட்கிற கேள்வி வேறு: எடுத்த அளவுக்கு ஆற்றுப்படுகைக்குத் திருப்பி என்ன செய்தாய்? ஆலைக்குள் கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துவது முதல் படி. கடைமடைக் குளங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைத் தூர்வாரிக் கொடுப்பது அடுத்தது. கார் சாகுபடிக்குத் தண்ணீர் தட்டுகிற வருடத்தில் தானாக உற்பத்தியைக் குறைப்பது மூன்றாவது. அதைச் செய்கிற நிறுவனத்துக்குப் பலகையே வேண்டாம்.

பணம் பற்றியும் ஒன்று. 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுவரவு 1000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாய் எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொழில் நடக்கிற வட்டாரத்துக்கு முன்னுரிமை கொடு என்றும் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் இரண்டு சதவீதம் லாபத்தில்தானே? தாய்க் கம்பெனிக்கு ராயல்டி என்றும் ஆலோசனைக் கட்டணம் என்றும் அனுப்ப அனுப்ப இங்கே லாபம் மெலியும், வரி மெலியும், அந்த இரண்டும் மெலியும். சம்பாதித்த ஊரிலேயே ஒழுங்காக வரி கட்டுவது, பெஞ்சு போடுவதைவிடப் பெரிய உதவி என்பது என் கருத்து. பேட்டை ஐ.டி.ஐ. முடித்த பையனை ஒப்பந்தக் கூலியாகவே வைத்திராமல் நிரந்தரமாக எடுப்பதும், உதிரிபாகத்தைப் பக்கத்துப் பட்டறையில் செய்யச் சொல்லித் தரம் கற்றுக்கொடுப்பதும் அப்படித்தான். கம்பெனி நாளை கிளம்பிப் போனாலும் அந்தக் கைப்பழக்கம் ஊரில் இருக்கும்.

எழுதும்போது: வளம், குன்றா இரண்டும் சேர்ந்தால் மகர ஒற்று திரிந்து ‘வளங்குன்றா’ ஆகும்; பிரித்து எழுத வேண்டாம். பின்னால் ‘வளர்ச்சி இலக்குகள்’ என்று இயல்பாக வரும். திட்டம் சேர்ந்தால் ‘வளங்குன்றா வளர்ச்சித் திட்டம்’, நடுவில் ‘த்’ என்ற ஒற்று கட்டாயம். அந்தக் குளத்துப் பலகையில் அது விட்டுப்போயிருந்தது. அண்ணாச்சியிடம் சுட்டிக்காட்டினேன். அவர் கரைக்கு மேற்கே, சீமைக்கருவேலம் அடைத்துக் கிடந்த பக்கமாகக் கையை நீட்டினார்.

“ஒத்து கெடக்கட்டும் தம்பி. வரத்துக்கால் எங்க இருக்கு, தெரியுதா?”