நேற்று வந்த கிட்டார் கார்டு இன்று ஏன் வரவில்லை?

கிட்டார் கற்கத் தொடங்கும் பெரும்பாலானோருக்கு இது நடக்கும். கார்டு என்பது பல ஸ்வரங்களை ஒன்றாக ஒலிக்க வைக்கும் விரல் பிடி. சி மேஜர் என்ற கார்டிலிருந்து ஜி மேஜருக்கு மாறுவதை மட்டும் ஒரே மூச்சில் அரை மணி நேரம் போட்டுப் பழகுவார்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் விரல்கள் தாமாகவே போய் உட்காரும். மறுநாள் கிட்டாரை எடுத்தால் மோதிர விரல் எங்கே போவதென்று தெரியாமல் அந்தரத்தில் நிற்கும். ‘நமக்கு இது வராது போல’ என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். அப்படிக் கைவிடுகிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அங்கே கோளாறு எதுவும் இல்லை. பயிற்சியின்போது கை ஓடுவது ஒன்று, கற்றது மனத்தில் தங்குவது வேறொன்று. முதலாவதை வைத்து இரண்டாவதை அளந்தால் கணக்கு தப்பாகத்தான் வரும்.

கைப்பழக்கம் மூளையில் தங்கும் விதமே தனி. 1953-இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஹென்றி மொலேசன் என்பவருக்கு, அதன்பின் புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, ஒரு நட்சத்திரத்தின் ஓரத்தைப் பென்சிலால் வரைய வேண்டும். மூன்று நாள் பயிற்சியில் மொலேசனின் பிழைகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் அதை முன்பு செய்ததாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. கை கற்றுக்கொண்டது, அவருக்குத் தெரியவில்லை. எந்த விரல் எங்கே என்று காட்டும் கார்டு படத்தை மனப்பாடமாக ஒப்பிக்க முடிந்தும் விரல் போகாமல் நிற்பதற்குக் காரணமும் இதுதான். படத்தை நினைவில் வைப்பதும் விரலைப் பழக்குவதும் மூளையில் பெருமளவு வேறு வேறு வழிகளில் நடக்கின்றன.

விரலைப் பழக்குகிற அந்த வேலையில் ஒரு பகுதி, கிட்டாரைக் கீழே வைத்த பிறகுதான் நடக்கிறது. 2002-இல் தூக்க ஆய்வாளர் மேத்யூ வாக்கரும் அவருடைய சகாக்களும் சிலருக்கு ஒரு விரல் வரிசையைக் கொடுத்துத் தட்டிப் பழகச் சொன்னார்கள். இரவு தூங்கி எழுந்த பிறகு, இடையில் எந்தப் பயிற்சியும் இல்லாமலேயே, அவர்களுடைய வேகம் ஏறக்குறைய 20 சதவீதம் கூடியிருந்தது. பகலில் அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களிடம் அந்த முன்னேற்றம் தெரியவில்லை. தூக்கத்தைக் குறைத்து நள்ளிரவு வரை பழகுகிறவர், பாதி வேலையைத் தானே தடுத்துக்கொள்கிறார் என்றே சொல்வேன்.

சரி, அப்படியானால் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பழகலாம்? இதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல சான்று இசையிலிருந்து வந்ததல்ல. 1978-இல் உளவியலாளர் ஆலன் பேட்லியும் லாங்மேனும் பிரிட்டிஷ் தபால் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்பித்த ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்குத் தினம் ஒரே ஒரு மணி நேரம். இன்னொரு குழுவுக்கு இரண்டு மணி நேரம் வீதம் தினம் இரண்டு முறை. விசைகளைக் கற்று முடிக்க முதல் குழுவுக்குச் சுமார் 35 மணி நேரப் பயிற்சியே போதுமாக இருந்தது. நான்கு மணி நேரக் குழுவுக்குச் சுமார் 50 மணி நேரம் ஆனது. ஆனால் தம் பயிற்சி முறையில் குறைந்த திருப்தி அடைந்தவர்கள் அந்த முதல் குழுவினர்தான். நாள் கணக்கில் பார்த்தால் மற்றவர்கள் முந்திப் போவதாகத் தெரிந்ததே காரணம். ஒரு மணி நேரத்துக்கு யார் அதிகம் கற்றார்கள் என்று பார்த்தால் கதை தலைகீழ். தொடக்க நிலையில் இருப்பவருக்குத் தினம் இருபது நிமிடம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் உட்காரும் இரண்டரை மணி நேரத்தைவிட நிச்சயம் மேல்.

அந்த இருபது நிமிடத்துக்குள் என்ன செய்வது என்பதிலும் மனது நம்மை ஏமாற்றும். ஒரே மாற்றத்தை நூறு முறை போட்டால் கை ஓடுகிறது, சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் 1979-இல் ஷீ, மார்கன் இருவரும் செய்த சோதனை வேறொன்றைக் காட்டியது. மூன்று விதமான கை அசைவுகளை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு போனவர்கள் பயிற்சியின்போது வேகமாக இருந்தார்கள். மூன்றையும் கலந்து பழகியவர்கள் தடுமாறினார்கள். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது, தடுமாறியவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. இதற்கு ஒரு விளக்கம் உண்டு. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, அடுத்தது என்ன என்று மூளை தேட வேண்டியதே இல்லை. இடையில் வேறொன்று புகுந்தால் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடி எடுக்க வேண்டும். பாட்டு வாசிக்கும்போது தேவைப்படுவதும் அந்தத் தேடல்தான்.

அதனால் சி–ஜி மாற்றம் ஐந்து நிமிடம், அப்புறம் ஒரு ஸ்ட்ரம்மிங் தாளம் (கம்பிகளை ஒன்றாக வருடி மீட்டுவது), அப்புறம் ஏ மைனர்–டி, மறுபடியும் சி–ஜி என்று கலந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கார்டைப் பிடிக்கவே தெரியாத முதல் ஓரிரு நாள் மட்டும் அதையே திரும்பத் திரும்பப் போடலாம். முன்னேற்றத்தை அளக்க வேண்டுமென்றால், அன்றைய முதல் நிமிடத்தில், கை சூடாவதற்கு முன்பே, எத்தனை மாற்றங்கள் சுத்தமாக வருகின்றன என்று எண்ணுங்கள். தங்கியது எவ்வளவு என்பதை அந்த எண் காட்டும். பயிற்சியின் முடிவில் எடுத்த எண் அதைக் காட்டாது.

அடுத்தது வேகம். இதில்தான் அவசரம் அதிகம் கெடுக்கிறது. தவறான அசைவைப் பத்து முறை செய்தால் அந்தத் தவறும் பழகிவிடும், பின்னால் அதைக் கழற்றுவது இரட்டை வேலை. சீரான துடிப்பைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50 அல்லது 60 துடிப்பில் வைத்து, நான்கு துடிப்புக்கு ஒரு கார்டு என்று தொடங்கலாம். அப்போதும் தடுமாறினால் இன்னும் குறைக்கலாம்.

மெதுவாகப் போனால்தான் சில விஷயங்கள் கண்ணில் படும். (கம்பிகளை மெல்லியதிலிருந்து எண்ணுகிறேன். கிட்டாரின் கழுத்தில் உலோகப் பட்டைகள் பிரிக்கும் ஒவ்வொரு கட்டமும் ஒரு ஃப்ரெட்.) சி மேஜரில் ஆள்காட்டி விரல் இரண்டாம் கம்பியின் முதல் ஃப்ரெட்டிலும், நடுவிரல் நான்காம் கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டிலும், மோதிர விரல் ஐந்தாம் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டிலும் இருக்கும். அங்கிருந்து ஏ மைனருக்கு மாற, மோதிர விரலை மட்டும் மூன்றாம் கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டுக்குக் கொண்டுபோனால் போதும். மற்ற இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கலாம். ஆனால் புதிதாகப் பழகுகிறவர் அவசரத்தில் மூன்று விரலையும் தூக்கிவிட்டு, மூன்றையும் புதிதாகத் தேடி வைப்பார். வேகமாக வாசிக்கும்போது அவருக்கே அது தெரியாது.

அழுத்தமும் அப்படித்தான். ஒரு விரலைக் கம்பியின் மேல் சும்மா வைத்து மீட்டுங்கள், ‘டப்’ என்று அடைத்த சத்தம் வரும். அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே மீட்டுங்கள். முதலில் இரைச்சல், அப்புறம் தெளிவான ஸ்வரம். தெளிந்த அந்தக் கணத்தில் இருந்த அழுத்தமே போதும், அதற்கு மேல் போடுவதெல்லாம் வீண். ஃப்ரெட்டின் உலோகப் பட்டையை ஒட்டி, அதன் பின்னால் விரலை வைத்தால் இன்னும் குறைவாகவே அழுத்த வேண்டியிருக்கும். விரல் நுனி எரிவது சில வாரங்களில் தோல் தடித்ததும் குறைந்துவிடும். மணிக்கட்டிலோ மூட்டிலோ வலி வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள், அதைப் பொறுத்துக்கொண்டு பழகுவது சரியல்ல.

இதையெல்லாம் தினமும் செய்யக் கிட்டார் கைக்கு எட்ட வேண்டும். உறைக்குள் போட்டு அலமாரியின் மேல் வைத்த கிட்டாரை எடுப்பதே ஒரு வேலையாகிவிடும், ஸ்டாண்டில் கண்ணுக்கு முன்னால் நிற்பதை எடுக்க யோசிக்கவே வேண்டாம். ஏற்கெனவே தினமும் தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு பயிற்சியை ஒட்டவையுங்கள். பழக்கம் உருவாக எவ்வளவு நாள் ஆகும் என்று லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் ஆராய்ந்து, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது, ஓடுவது போன்ற தினசரிச் செயல்கள்தான். நடுத்தர அளவு சுமார் 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபடும் என்று மதிப்பிட்டார்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் குலையவில்லை என்பதையும் அவர்கள் கவனித்தார்கள். விட்ட நாளை ஈடுகட்ட மறுநாள் நாற்பது நிமிடம் உட்கார வேண்டாம், வழக்கமான இருபதே போதும்.