டாட்ஜ் டார்ட்: ஆழப்படுத்திய எஞ்சினும் அகலப்படுத்திய எஞ்சினும்

கிணற்றில் தண்ணீர் போதவில்லை என்றால் இரண்டு வழி உண்டு. இன்னும் ஆழமாக வெட்டலாம், இல்லையென்றால் அகலமாக வெட்டலாம். அமெரிக்காவின் டாட்ஜ் டார்ட் காருக்கு எஞ்சின் செய்தவர்கள் இந்த இரண்டு வழியிலும் போனார்கள். 1963 முதல் 1976 வரை அமெரிக்கர்கள் இந்த டார்ட்டைச் சிறிய கார் என்றுதான் வகைப்படுத்தினார்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே மட்டுமே 2.8 மீட்டர் இடைவெளி என்பதால், நம் கண்ணுக்கு அது சிறியதாகத் தெரியாது.

பெரும்பாலான டார்ட்டுகளில் இருந்தது ஆறு சிலிண்டர் எஞ்சின். பானெட்டைத் தூக்கியதுமே கண்ணில் படுவது அதன் சாய்வு. ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நின்றாலும், எஞ்சின் முழுவதும் 30 டிகிரி வலப்பக்கம் சாய்ந்திருக்கும். அதனால்தான் அதற்கு ‘ஸ்லான்ட் சிக்ஸ்’ என்று பெயர். எஞ்சின் சாய்ந்தால் உயரம் குறைகிறது, பானெட்டைத் தாழ்வாக அமைக்கலாம். தண்ணீர் பம்பை முன்னால் வைக்காமல் பக்கவாட்டுக்குத் தள்ளலாம் என்பதால் நீளமும் குறைகிறது. எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது பலன். இடப்பக்கம் ஒரு தாராளமான இடம் கிடைக்கிறது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்றைக் கொண்டுபோகும் குழாய்களை அங்கே நீளமாக விடலாம்.

குழாய் நீளமாக இருப்பதில் என்ன லாபம்? உள்ளே வேகமாகப் பாய்ந்துகொண்டிருக்கும் காற்றின் முகத்தில் வால்வு, அதாவது சிலிண்டரின் கதவு, சட்டென்று மூடுகிறது. காற்று அங்கே முட்டி நெருங்க, ஓர் அழுத்த அலை கிளம்பிக் குழாய் வழியே பின்னோக்கிப் போகிறது. மறுமுனையில் பட்டு அது திரும்பி வருகிறது. வால்வு அடுத்தமுறை திறந்திருக்கும் நேரத்தில் அந்த அலை வந்து சேர்ந்தால், கூடுதல் காற்றைச் சிலிண்டருக்குள் தள்ளிவிடும். அலை எப்போது திரும்ப வேண்டும் என்பதைக் குழாயின் நீளத்தை வைத்துத் தீர்மானிக்கலாம். டார்ட்டின் உறவுக்காரக் காரான பிளைமவுத் வேலியன்ட்டுக்கு 1960-ல் ‘ஹைப்பர் பேக்’ என்ற தொகுப்பை விற்றார்கள். அதில் இப்படிப்பட்ட நீண்ட குழாய்கள், பெரிய கார்புரேட்டர், அதிகக் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் அளவு) எல்லாம் இருந்தன. 101 குதிரைத்திறன் 148 ஆனது. அந்த ஆண்டு டேடோனாவில் சிறிய கார்களுக்காக நடந்த பந்தயத்தில் முதல் ஏழு இடங்களையும் வேலியன்ட்டுகளே பிடித்தன.

இனி ஆழத்துக்கு வருவோம். ஸ்லான்ட் சிக்ஸில் 170, 198, 225 என மூன்று அளவுகள் உண்டு. இந்த எண்கள் கன அங்குலக் கொள்ளளவு. லிட்டரில் சொன்னால் 2.8, 3.25, 3.7. மூன்றுக்கும் சிலிண்டரின் விட்டம் ஒன்றுதான்: 86.4 மி.மீ. மாறியது பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், மட்டும்தான். 170-ல் 79.4 மி.மீ., 198-ல் 92.5, 225-ல் 104.8.

சைக்கிள் பெடலை நினைத்துக்கொள்ளுங்கள். அதே காலால் அதே பலத்தோடு மிதித்தாலும், பெடல் தண்டு நீளமாக இருந்தால் சுழற்றும் விசை கூடும். பிஸ்டனின் முகப்பு மாறாததால் அதன்மேல் எரியும் வாயு கொடுக்கும் தள்ளுதலும் ஏறக்குறைய அதேதான். ஆனால் பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட்டின் கை 170-ல் சுமார் 40 மி.மீ., 225-ல் 52 மி.மீ. டார்க், அதாவது சுழற்றும் விசை, 210 நியூட்டன் மீட்டரிலிருந்து 290-க்கு மேல் ஏறியது.

198 பிறந்ததற்குக் காரணம் தொழிற்சாலைக் கணக்கு. சிலிண்டர்களைத் தாங்கும் இரும்புக் கட்டைக்குப் பிளாக் என்று பெயர். 170-க்குக் குட்டையான பிளாக், 225-க்கு உயரமான பிளாக் என்று இரண்டு வார்ப்புகள் தேவைப்பட்டன. 1970-ல் 170-ஐக் கைவிட்டு, உயரமான பிளாக்கிலேயே குறைந்த ஸ்ட்ரோக்கையும் பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடை நீளமாகவும் போட்டார்கள். ஒரே பிளாக்கில் இரண்டு எஞ்சின் கிடைத்தது.

டார்ட்டுக்கு வந்த வி8 எஞ்சின்களின் (எட்டு சிலிண்டர்கள் ‘V’ வடிவில் இரண்டு வரிசையாக நிற்பவை) கதை இதற்கு நேர் எதிர். 1964-ல் 273 வந்தது, பின்னர் 318, 340. மூன்றுக்கும் ஸ்ட்ரோக் ஒன்றே: 84.1 மி.மீ. விட்டம்தான் 92.2, 99.3, 102.6 என்று விரிந்துகொண்டே போனது. இங்கே பெடல் தண்டு மாறவில்லை, மிதிக்கும் கால் பலத்தது. பிஸ்டன் முகப்பு அகலமானால் அதே அழுத்தத்துக்கும் தள்ளுதல் கூடுகிறது. வாய் அகன்ற கிணற்றுக்கு இன்னொரு வசதியும் உண்டு, பெரிய வால்வு வைக்கலாம். 340-ன் இன்டேக் வால்வு, அதாவது காற்றை உள்ளே விடும் வால்வு, 51 மி.மீ. விட்டம். சிக்ஸில் அது 41 மி.மீ.தான்.

ஆழப்படுத்தினால் ஒரு விலை கொடுத்தாக வேண்டும். ஸ்ட்ரோக் கூடக்கூட, ஒரு சுற்றுக்குள் பிஸ்டன் அதிக தூரம் ஓட வேண்டியிருக்கிறது. மேலே போய் நின்று, திரும்பி, கீழே போய் நின்று, மறுபடி திரும்பும் ஒவ்வொரு முறையும் கனெக்டிங் ராடை அது இழுக்கிறது. காற்றும் அதே அவசரத்தில் உள்ளே வர வேண்டும். 225 தன் உச்சத் திறனான 145 குதிரைத்திறனைத் தந்தது நிமிடத்துக்கு 4,000 சுற்றில். 1968-ன் 340 தன் 275-ஐத் தந்தது 5,000 சுற்றில். இரண்டுக்கும் பிஸ்டனின் சராசரி வேகத்தைப் பெருக்கிப் பார்த்தேன். இரண்டுமே நொடிக்கு 14 மீட்டர்! சுற்று எண்ணிக்கையில் ஆயிரம் வித்தியாசம் இருந்தும், பிஸ்டன்கள் ஓடுவது ஒரே வேகத்தில்தான். எஞ்சின் கட்டுபவர்கள் சுற்றைவிட இந்த வேகத்தை ஏன் கவனிக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அகலத்துக்கும் எல்லை உண்டு. 1967-ல் 383 என்ற இன்னும் பெரிய வி8-ஐ டார்ட்டுக்குள் இறக்கினார்கள். பெரிய கார்களில் 325 குதிரைத்திறன் தந்த எஞ்சின் இங்கே 280-தான் தந்தது. இடம் போதாததால், புகை வெளியேறும் குழாய்களான மேனிஃபோல்டுகளை நெருக்கி வளைக்க வேண்டியிருந்தது. புகை தடையின்றி வெளியேறாவிட்டால் புதுக் காற்றுக்கு உள்ளே இடமில்லை.

சாய்ந்த சிக்ஸைப் பழுது பார்ப்பவர்கள் இதையெல்லாம் காதாலேயே அறிவார்கள். அதற்கு டேப்பட் செட்டிங், அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்வது, செய்ய வேண்டும். எஞ்சின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டைச் செருகி, இன்டேக் வால்வுக்குக் கால் மி.மீ., புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வுக்கு அரை மி.மீ. இடைவெளி வைப்பார்கள். எக்ஸாஸ்ட் வால்வு அதிகச் சூட்டில் அதிகம் நீள்வதால் அதற்கு இரட்டிப்பு இடம். தகடு சற்றே பிடித்து வழுக்கிப் போனால் சரி. ‘டக் டக்’ என்ற சத்தம் பலமாகக் கேட்டால் இடைவெளி கூடுதல்.

பழைய விளம்பரத் தாள்களைப் புரட்டுபவர்கள் ஆண்டையும் பார்க்க வேண்டும். 1971-ல் 145 குதிரைத்திறன் என்று எழுதப்பட்ட அதே 225, 1972-ல் 110 என்று வந்தது. எஞ்சின் நோஞ்சானாகிவிடவில்லை. அதுவரை விசிறி, காற்று வடிகட்டி, சைலன்சர் எதுவும் இல்லாமல் மேசையில் வைத்து அளந்தார்கள். அந்த ஆண்டிலிருந்து காரில் இருப்பதுபோலவே எல்லாவற்றையும் மாட்டி அளந்தார்கள். குறைந்த 35-ல் பெரும்பகுதி, எந்த டார்ட்டின் பின் சக்கரத்தையும் ஒருநாளும் எட்டாதது.