ரெக்கவரி ஏஜென்ட் கேட்டால் செக் எழுதிக் கொடுக்காதீர்கள்

கிரெடிட் கார்டு பாக்கி என்று என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சார், போலீஸ் வருமா?"

வராது. கார்டு கடனைக் கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம். வங்கி உங்கள் மீது வழக்குப் போடலாம். தீர்ப்பு வாங்கி, சொத்தையோ சம்பளத்தில் ஒரு பகுதியையோ ஜப்தி செய்யக் கேட்கலாம். கட்டவில்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் கைது செய்ய வைக்க முடியாது. போலி சம்பளச் சான்று கொடுத்துக் கார்டு வாங்கியிருந்தால் அது வேறு விஷயம். தீர்ப்பு வந்த பிறகும், கட்ட வழியில்லாதவரைச் சிவில் சிறைக்கு அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் சொல்லிவிட்டது. பணத் தீர்ப்புக்காகப் பெண்களைச் சிறைப்படுத்த சிவில் நடைமுறைச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு அனுமதிப்பதே இல்லை.

இது தெரியாததால் பலர் பயத்தில் ஒரு காரியம் செய்துவிடுகிறார்கள். வீட்டு வாசலில் நின்று சத்தம் போடும் ஏஜென்ட், "சரி, ஒரு செக் மட்டும் கொடுங்க, மேலே காட்டிட்டு டைம் வாங்கித் தர்றேன்" என்பார். அக்கம்பக்கம் பார்க்கிறதே என்ற அவமானத்தில் பின்தேதி போட்டு இரண்டு மூன்று செக்கைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதுவரை சிவில் கடனாக இருந்தது, அந்த செக் திரும்பிய நாளிலிருந்து குற்ற வழக்காக மாறுவதற்கு வழி திறந்துவிடுகிறது. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை, செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம். திரும்பிய தகவல் வந்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ் வரும், அது கைக்கு வந்த 15 நாட்களுக்குள் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் குற்றவியல் நீதிமன்றத்துக்கு நடக்க வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஈ-மேண்டேட்டுக்குச் சம்மதித்தாலும் இதே கதிதான். கணக்கில் பணமில்லாமல் அது திரும்பினால் 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவு பாயும். நிச்சயமாகக் கட்ட முடியும் என்று தெரியாத வரை இரண்டையும் தொடாதீர்கள். கார்டை அடைக்க லோன் ஆப்பில் வாங்குவதும் கந்துவட்டிக்குப் போவதும் இந்த வகைப் பயத்தில் நடப்பவைதான்.

ஏஜென்ட்டுகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட் 12-ல் அனுப்பிய சுற்றறிக்கைப்படி காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் பாக்கி கேட்டு அழைக்கக் கூடாது. மிரட்டக் கூடாது, ஊரறிய அவமானப்படுத்தக் கூடாது, உறவினர், நண்பர்களின் அந்தரங்கத்தில் தலையிடக் கூடாது. ஏஜென்ட் செய்வதற்கெல்லாம் பொறுப்பு வங்கிதான். "அது வெளி ஏஜென்சி, எங்களுக்குத் தெரியாது" என்று கஸ்டமர் கேரில் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். நேரில் வருகிறவர் அடையாள அட்டையும், வங்கி கொடுத்த அங்கீகாரக் கடிதத்தின் நகலும் வைத்திருக்க வேண்டும். அதைக் கேட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவரை வீட்டுக்குள் விட வேண்டிய கட்டாயம் இல்லை.

போனில் வாதாடிப் பயனில்லை. பேசுகிறவரின் பெயர், ஏஜென்சியின் பெயர், எண், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அழைப்பையும் பதிவு செய்து வையுங்கள். பிறகு வங்கியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். நான் பெரும்பாலும் எழுதச் சொல்வது இவ்வளவுதான்: "இன்ன தேதியில், இன்ன நேரத்தில், இந்த எண்ணிலிருந்து அழைத்தவர் என் மேலதிகாரியிடம் என் கடனைப் பற்றிப் பேசினார். பதிவு இணைத்திருக்கிறேன். இனி எழுத்து மூலம் மட்டும் தொடர்பு கொள்ளவும். அசல், வட்டி, அபராதம் என்று பிரித்து முழுக் கணக்கு அனுப்பவும்." கோபமோ கெஞ்சலோ வேண்டாம். 30 நாட்களில் பதில் இல்லாவிட்டாலும், வந்த பதிலில் திருப்தி இல்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாகப் புகார் செய்யலாம்; கட்டணம் கிடையாது. உடலுக்கு ஆபத்து என்று மிரட்டினாலோ, பெண்களிடம் ஆபாசமாகப் பேசினாலோ அதற்கெல்லாம் காத்திருக்காமல் நேராகக் காவல் நிலையத்துக்குப் போங்கள். குற்றமுறு மிரட்டலுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவில் 351-ஆம் பிரிவு இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. கடைசியாகப் பணம் கட்டி மூன்று ஆண்டுகள் ஆகப்போகின்றன என்றால், எதையும் எழுதுவதற்கு முன், ஐநூறு ரூபாய் கட்டுவதற்கும் முன், ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வங்கி வழக்குப் போடுவதற்குக் காலவரையறைச் சட்டப்படி மூன்று ஆண்டுக் கெடு உண்டு. அது முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டாலும், சிறு தொகை கட்டினாலும் கெடு மறுபடி முதலிலிருந்து எண்ணப்படும்.

வரும் காகிதங்கள் எல்லாம் ஒன்றல்ல. வக்கீல் நோட்டீஸ் என்பது வங்கியின் கோரிக்கை. சுருக்கமாகப் பதில் அனுப்பினால் போதும். லோக் அதாலத் அழைப்பு சமரசத்துக்கானது. இருவரும் ஒத்துக்கொண்டால்தான் அங்கே உத்தரவு, போகாததற்காகத் தண்டனை கிடையாது. ஆனால் நல்ல தள்ளுபடி பேச அது நல்ல இடம், போய் வாருங்கள். ஆர்பிட்ரேஷன், அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் விசாரிக்கும் முறைக்கான நோட்டீஸ் வந்தால், வங்கியே தன்னிச்சையாக நடுவரை நியமித்திருக்கிறதா என்று பார்த்து, எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். நீதிமன்ற சம்மனை மட்டும் ஒருநாளும் ஒதுக்கி வைக்காதீர்கள். சாதாரண வழக்கில் 30 நாட்களுக்குள் எதிர்வாதுரை, சுருக்க விசாரணை வழக்கில் 10 நாட்களுக்குள் ஆஜர். வராதவர் மீது எக்ஸ்பார்ட்டி, அதாவது அவர் தரப்பைக் கேட்காமலே, தீர்ப்பாகிவிடும், அதற்கப்புறம் ஜப்திக்கு நீதிமன்ற ஊழியரான அமீனா வருவார்.

சம்பளக் கணக்கும் கார்டும் ஒரே வங்கியில் இருந்தால், அங்கே விழும் சம்பளத்தைப் பாக்கிக்கு ஈடுகட்டிக்கொள்ள வங்கி முயலலாம். வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

கட்ட முடிகிறதென்றால் கட்டிவிட வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. செட்டில்மென்ட் பேசினால், எவ்வளவு, எந்தத் தேதிக்குள், அதோடு கணக்கு முடிகிறது என்று வங்கியின் கடிதம் கைக்கு வந்த பிறகே பணம். அதுவும் கார்டு கணக்குக்கே. ஏஜென்ட்டின் சொந்த ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பிறகு நிலுவை இல்லாச் சான்று வாங்குங்கள். பாக்கியை அடைத்த 30 நாட்களுக்குள் வங்கி அதை, நம் கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் சிபில் போன்ற நிறுவனங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். தள்ளுபடி வாங்கியிருந்தால் அறிக்கையில் 'செட்டில்டு' என்றுதான் வரும், அடுத்த கடனுக்கு அது இடிக்கும். தெரிந்தே ஒப்புக்கொள்ளுங்கள்.

இந்த அழைப்புகளால் தூக்கம் போய், வாழவே வேண்டாம் என்று தோன்றும் நிலைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படித் தோன்றினால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், இலவசம். வீட்டில் ஒருவரிடமாவது கடனைச் சொல்லிவிடுங்கள். வீட்டாருக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தை வைத்துத்தான் பாதி மிரட்டல் நடக்கிறது.

கார்டு வைத்திருந்தவர் இறந்துவிட்டால் ஏஜென்ட்டுகள் மனைவியையும் பிள்ளைகளையும் துரத்துவார்கள். இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து எவ்வளவு கைக்கு வந்ததோ அந்த அளவுக்குத்தான் வாரிசின் பொறுப்பு. தங்கள் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கட்டத் தேவையில்லை. ஆனால் துக்க வீட்டில் வைத்து "நான் கட்டிவிடுகிறேன்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டால் சிக்கல் தொடங்கிவிடும். இறப்புச் சான்றின் நகலை வங்கிக்கு அனுப்பி, கார்டோடு காப்பீடு ஏதும் இருந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். சில கார்டுகளில் இருக்கும். கேட்காத வரை யாரும் சொல்ல மாட்டார்கள்.