முடியை எடுத்தால் கேலி, காலை நீட்டினால் சாவு

ஸ்பானிஷ் கற்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: “‘தோமார் எல் பேலோ’ என்பதில் மூன்றே சொற்கள். ‘தோமார்’ என்றால் எடுப்பது, ‘பேலோ’ என்றால் முடி, நடுவில் இருப்பது வெறும் சுட்டுச்சொல். எல்லாம் தெரிந்தும், கேலி செய்வது என்ற பொருள் ஏன் எனக்கு எட்டவில்லை?”

இதையே ஆங்கிலத்தில் ‘காலை இழுப்பது’ என்பார்கள். தமிழ்க் காதுக்கு அது காலை வாரிவிடும் துரோகமாகக் கேட்கும். உறுப்பை வைத்துப் பொருளை ஊகிக்க இடமே இல்லை.

முதலில் நேர்ப்பொருளைக் கூட்டிப் பார்ப்போம், பொருந்தாவிட்டால் மனதில் இருக்கும் மரபுத்தொடர்ப் பட்டியலைப் புரட்டுவோம் என்று 1970களில் ஒரு கருத்து இருந்தது. அது சரியென்றால் மரபுத்தொடருக்குக் கூடுதல் நேரம் பிடிக்க வேண்டும். 1979இல் டேவிட் ஸ்வின்னியும் ஆன் கட்லரும் அளந்து பார்த்தார்கள். பழகிய மரபுத்தொடரைத் தாய்மொழிக்காரர்கள் சாதாரணத் தொடரைவிட விரைவாகவே அடையாளம் கண்டார்கள்.

அப்படியென்றால் அந்தப் பொருள் எந்தக் கணத்தில் வந்து சேர்கிறது? இத்தாலிய ஆய்வாளர்கள் கிறிஸ்தீனா கச்சாரியும் பத்ரீசியா தபோஸியும் 1988இல் இதற்குத் தந்த விடை மிக அழகானது. தொடருக்குள் ஒரு சாவிச்சொல் இருக்கிறது. அதுவரை கேட்பவர் சொல்லுக்குச் சொல் நேர்ப்பொருளையே கட்டிக்கொண்டு போகிறார். சாவி விழுந்ததும் முழுத் தொடரும் ஒரே கட்டியாக நினைவிலிருந்து எழுகிறது.

‘குவெஸ்தா உன் ஓஹோ தெ லா காரா’ என்பதை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ‘குவெஸ்தா’ என்றால் விலை ஆகிறது. அடுத்து நூறு யூரோவும் வரலாம், ஆயிரம் பெசோவும் வரலாம். வருவது ‘உன் ஓஹோ’, அதாவது ஒரு கண். விலையாகக் கண்ணைக் கேட்கும் தொடர் ஸ்பானிஷில் வேறில்லை, எனவே பூட்டு இங்கேயே திறந்துவிடுகிறது. மீதியுள்ள ‘தெ லா காரா’, முகத்தின் என்பது, காதில் விழும்முன்பே தெரிந்த சங்கதி. யானை விலை என்று புரிந்தாகிவிட்டது. ஆங்கிலத்தில் விலை ஒரு கையும் ஒரு காலும். அங்கே ‘கை’ வந்ததும் ‘கால்’ தானாக வரும்.

சாவி கடைசிச் சொல்லில் இருந்தால்? அந்த இருவரும் வாக்கியத்தைக் காதில் ஒலிக்கவிட்டு, அது முடிந்ததும் திரையில் ஒரு சொல்லைக் காட்டினார்கள். அது உண்மையான சொல்லா இல்லையா என்று பொத்தானை அழுத்த வேண்டும். எந்தப் பொருள் மனதில் விழித்திருக்கிறதோ அதற்கு உறவான சொல்லுக்குப் பதில் சீக்கிரம் வரும். முன்கூட்டி ஊகிக்க முடிந்த தொடர்களில், முடிவில் மரபுப்பொருள் மட்டுமே விழித்திருந்தது. ஊகிக்க முடியாதவற்றில் அதே இடத்தில் நேர்ப்பொருள்தான் இருந்தது. மரபுப்பொருள் 300 மில்லிவிநாடி கழித்துத்தான் வந்தது.

வாசகரின் சிக்கல் இப்போது விளங்கும். அவர் மனதில் அந்தக் கட்டி இல்லை, ஆகவே எந்தச் சொல்லும் சாவியாவதில்லை. முடியை எடுப்பதிலேயே நின்றுவிடுகிறார்.

இரு மொழியும் அறிந்தவர்களிடம் நடப்பது இன்னும் சுவாரசியம். ஈவா மொரேனோ, காரா ஃபெடர்மெயர், மார்த்தா குடாஸ் மூவரும் ஆங்கிலமும் ஸ்பானிஷும் தெரிந்தவர்களின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து 2002இல் வெளியிட்டார்கள். ‘அவுட் ஆஃப் சைட், அவுட் ஆஃப் மைண்ட்’ போன்ற ஆங்கிலத் தொடர்களின் கடைசிச் சொல்லை மாற்றிக் காட்டினார்கள். சில இடத்தில் ‘மைண்ட்’ என்பதற்கு நெருங்கிய ஆங்கிலச் சொல், சில இடத்தில் அதன் ஸ்பானிஷ் சொல்லான ‘மென்தே’. ஆங்கில மாற்றுச்சொல்லுக்கு என்400 அலை பெருத்தது. சொல் வந்து சுமார் 400 மில்லிவிநாடியில், பொருள் ஒட்டாதபோது வலுக்கும் அலை அது. ‘மென்தே’ போன்ற ஸ்பானிஷ் சொற்களுக்கு அந்த அலை அப்படிப் பெருக்கவில்லை. 450 மில்லிவிநாடிக்குப் பிறகு வேறோர் அலை எழுந்தது. எதிர்பாராத ஆங்கிலச் சொல்லைவிட, எதிர்பார்த்த பொருளைத் தாங்கி வரும் அயல்மொழிச் சொல் சிலருக்கு எளிதாக இருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. மின்முனைத் தொப்பியை வைத்து மொழியின் உள்ளறையை இவ்வளவு நுட்பமாகப் பார்க்க முடிகிறது. 

பேசும்போது வரும் தவறு வேறு வகை. சூசன் இருஹோ 1986இல், ஆங்கிலத்தில் நல்ல தேர்ச்சி பெற்ற 12 வெனிசுவேலா நாட்டவரைச் சோதித்தார். இரு மொழியிலும் ஒன்றேயான தொடர்கள் 15, ஓரளவு ஒத்தவை 15, முற்றிலும் வேறானவை 15. ஒன்றேயானவை எளிதாக வந்தன. வேறானவை மிகக் கடினம். ஒத்தவற்றைக் கேட்டால் நன்றாகப் புரிந்துகொண்டார்கள், சொல்லும்போது மட்டும் ஸ்பானிஷ் உள்ளே புகுந்தது. காரணம் எளிது: புரிந்துகொள்ளச் சாவி போதும், சொல்வதற்குக் கட்டி முழுவதும் வேண்டும். கையிலிருக்கும் ஒரு பறவை, ஆங்கிலத்தில் புதரிலுள்ள இரண்டுக்குச் சமம். ஸ்பானிஷில் பறக்கும் நூற்றைவிட மேல். கேட்பவருக்கு எண் முக்கியமில்லை, சொல்பவர் அங்கேதான் தடுக்குவார்.

அதனால்தான் இரு மொழிச் சொற்களையும் எதிரெதிரே எழுதிய நிகர்ச்சொல் பட்டியலை மனப்பாடம் செய்வது எனக்கு உடன்பாடில்லை. தொடரை அதன் இலக்கணத்தோடு, முழு வாக்கியமாக எழுதிவைக்க வேண்டும். ஸ்பானிஷில் ‘மே எஸ்தாஸ் தோமாந்தோ எல் பேலோ’ என்பார்கள். ‘மே’ என்றால் எனக்கு, ‘எல் பேலோ’ என்றால் அந்த முடி. ஆங்கிலத்தின் ‘என் காலை’ என்ற அமைப்பை நினைத்து ‘மி பேலோ’, என் முடி, என்று மாற்றினால் கட்டி உடைந்து சாதாரண முடியாகிவிடும்.

‘எஸ்திரார் லா பாத்தா’ என்பதும் அப்படியே. ‘பாத்தா’ விலங்கின் கால், மனிதக் கால் ‘பியெர்னா’. பாத்தாவை நீட்டினால் ஆள் போய்விட்டார் என்று பொருள். கொச்சையான பேச்சு என்பதால் துக்க வீட்டில் வாயைத் திறந்து சொல்லக்கூடாது. ‘எஸ்திரார் லாஸ் பியெர்னாஸ்’ என்றால், நெடுநேரம் உட்கார்ந்திருந்தவர் எழுந்து காலாற நடக்கிறார்.