பித்தளை விளிம்பும் பழைய பம்ப் ரைஃபிளும்

சுட்டு முடித்த .22 தோட்டாக் கூடு ஒன்றின் (குறுக்களவு சுமார் 0.22 அங்குலம் என்பதால் அந்தப் பெயர்) அடிப்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் நசுங்கல் எதுவும் இருக்காது. ஓரத்தில் மட்டும் ஒரு சின்ன நசுங்கல் தெரியும். துப்பாக்கியின் ஊசி அடித்த இடம் அது. 1890-இல் அமெரிக்காவின் வின்செஸ்டர் கம்பெனி விற்கத் தொடங்கிய பம்ப் ரைஃபிள் (முன்கட்டையை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை) ஏன் அவ்வளவு லேசானது, அதை இன்று வாங்குபவர் எங்கெங்கே தேய்மானத்தைத் தேட வேண்டும் என்று கேட்டால், பதில் பெரும்பாலும் அந்த நசுங்கலில்தான் தொடங்கும்.

பெரிய தோட்டாக்களில் அடிப்பக்கத்தின் நடுவே தீ மூட்டுவதற்கென்றே தனியாக ஒரு கேப் பதித்திருக்கும். .22-இல் அது கிடையாது. பித்தளைத் தகட்டைச் சின்னக் குவளைபோல இழுத்து, அடி ஓரத்தை மடித்து விளிம்பாக்குகிறார்கள். அந்த மடிப்புக்குள் பொள்ளல். ஈரமான தீமருந்தைக் கூட்டுக்குள் இட்டு வேகமாகச் சுழற்றினால் மருந்து ஓரத்துக்கு ஓடி மடிப்புக்குள் புகுந்துகொள்கிறது. உலர்ந்த பிறகு வெடிமருந்து, அதன் மேல் ஈயக் குண்டு. ஊசி விளிம்பில் அடிக்கும்போது, ஊசிக்கும் குழலின் பின்வாய்க்கும் நடுவில் பித்தளை நசுங்கி உள்ளே இருக்கும் தீமருந்து பற்றுகிறது. சில சமயம் ஊசி அடித்தும் தோட்டா வெடிக்காது. அந்த இடத்தில் தீமருந்து சரியாகப் பரவாமல் போயிருக்கலாம். கொஞ்சம் பொறுத்து, தோட்டாவை அரைச்சுற்று திருப்பிப் போட்டுச் சுட்டால் பல நேரம் வெடித்துவிடும்.

நசுங்க வேண்டுமென்றால் பித்தளை மெல்லியதாக இருந்தாக வேண்டும். மெல்லிய கூடு பெரிய அழுத்தத்தைத் தாங்காது. இன்று பரவலாகப் புழங்கும் .22 லாங் ரைஃபிள் தோட்டா 1887-இல் வந்தது. அதற்கு விதித்திருக்கும் உச்ச அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் சுமார் 1,600 மடங்கு. கேட்கப் பெரிதாக இருந்தாலும் ராணுவ ரைஃபிள் தோட்டாக்கள் இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் போகும். அழுத்தம் குறைவு என்பதால், வெடிக்கும்போது குழலின் பின்வாயை மூடிப் பிடிக்கும் பூட்டும் சின்னதாக இருக்கலாம், உதையும் தோளில் தெரிவதில்லை.

இந்த வசதியை முழுதாகப் பயன்படுத்திக்கொண்டவர் யூட்டா மாநிலத்தின் ஆக்டன் ஊர்க்காரரான ஜான் பிரௌனிங். அப்போது வின்செஸ்டரிடம் .22-க்கென்று இருந்தது 1873 மாடல் லீவர் ரைஃபிள், அதாவது விசைக்குக் கீழே உள்ள நெம்புகோலை அசைத்துத் தோட்டா ஏற்றும் வகை. அது சுமார் 19,000 மட்டுமே விற்றது. பிரௌனிங்கும் அவர் தம்பி மேத்யூவும் வடிவமைத்த பம்ப் ரைஃபிளுக்கு 1888-இல் காப்புரிமை கிடைத்தது. அதுவே 1890 மாடல். 1932 வரை 8 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள்.

அது வேலை செய்யும் விதம் பார்க்கப் பார்க்க அழகு. குழலுக்குக் கீழே இன்னொரு மெல்லிய குழாய் ஓடுகிறது. தோட்டாக்கள் அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்க, ஒரு சுருள்வில் அவற்றைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். இடது கை பிடிக்கும் மரக்கட்டையைப் பின்னுக்கு இழுத்தால், அதோடு சேர்ந்த இரும்புப் பட்டை, குழலின் பின்வாயை மூடியிருக்கும் அடைப்பை முதலில் பூட்டிலிருந்து விடுவிக்கிறது, அப்புறம்தான் பின்னுக்குக் கொண்டுபோகிறது. இந்த வரிசை முக்கியம். பூட்டு விடாமல் அடைப்பு நகரவே முடியாது. அடைப்பு பின்னால் போகும்போது காலிக் கூட்டை இழுத்து மேல்பக்கமாக வெளியே எறிகிறது, சுத்தியலையும் சாய்த்து நிறுத்துகிறது. அதே இழுப்பில் கீழேயிருந்து ஒரு ஏந்தி அடுத்த தோட்டாவைத் தூக்கிக் குழல் வாய்க்கு நேராக வைக்கிறது. கட்டையை முன்னுக்குத் தள்ளினால் தோட்டா உள்ளே போகும், அடைப்பு பூட்டிக்கொள்ளும். வலது கை விசையை விட்டு நகரவே வேண்டாம், கண்ணும் குறியிலேயே இருக்கும்.

பொருட்காட்சிகளில் இருந்த சுடும் கடைகள் இந்த ரைஃபிளை வாங்கிக் குவித்தன. நம் திருவிழாக்களில் காற்றுத் துப்பாக்கியால் பலூன் சுடுகிறோமே, அதே ஆட்டம்தான். அங்கே நிஜத் தோட்டா, ஓடும் தகர வாத்து. லாங் ரைஃபிளைவிடக் குட்டையான, செலவும் சத்தமும் குறைந்த .22 ஷார்ட் தோட்டாக்களைக் குழாயில் 15 வரை நிரப்பலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்த ரைஃபிள் கண்டிப்பானது. ஷார்ட்டுக்குச் செய்ததில் ஷார்ட்தான் போட வேண்டும், லாங் ரைஃபிளுக்குச் செய்ததில் அதுதான். காரணம் அந்த ஏந்தி. அதன் நீளம் ஒரு தோட்டாவின் நீளத்துக்கு அளந்து வைத்தது. குட்டையான தோட்டாவைப் போட்டால், மிச்ச இடத்தில் அடுத்த தோட்டாவின் மூக்கு எட்டிப் பார்க்கும். ஏந்தி மேலே எழ முடியாமல் சிக்கிக்கொள்ளும். பின்னால் வந்த 1906 மாடலில் 1908 முதல் ஷார்ட், லாங், லாங் ரைஃபிள் மூன்றையும் கலந்தே போட முடிந்தது. மலிவு மாடல் என்று சொன்னாலும் எனக்கு 1906-தான் அதிகம் பிடிக்கும்.

சரி, இன்று ஒன்று வாங்கப் போகிறவர் எதைப் பார்க்க வேண்டும்? முதலில் குழலின் உள்பக்கம். பழைய தீமருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. எரிந்த பிறகு அது பொட்டாசியம் குளோரைடு, அதாவது ஒருவகை உப்பு. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பை அரித்துவிடும். சுட்ட அன்றே தண்ணீர் விட்டுக் கழுவி எண்ணெய் பூசாத குழலில் குழி விழுந்தது. ரெமிங்டன் கம்பெனி துருப் பிடிக்க வைக்காத தீமருந்தைக் கிளீன்போர் என்ற பெயரில் 1926-இல் கொண்டுவந்தது. அதற்குள் 1890 மாடல் 36 வருடம் விற்றுவிட்டது! வெளியே பளபளக்கும் பல ரைஃபிள்களின் உள்ளே இருட்டாக இருப்பது இதனால்தான். குழி விழுந்தது தோட்டா உட்காரும் அறை என்றால் தொல்லை இன்னும் அதிகம். வெடிக்கும்போது பித்தளை விரிந்து சுவரோடு ஒட்டி வாயுவை அடைக்கும். சுவர் சொரசொரப்பாக இருந்தால் பித்தளை குழிகளுக்குள் பிதுங்கும், கூடு வெளியே வர மறுக்கும். லாங் ரைஃபிள் அறையில் வருடக்கணக்காக ஷார்ட் சுட்டாலும் இதே கதைதான். குட்டைக் கூட்டின் வாய்க்கு முன்னால் வளையமாக அரிப்பு விழுந்துவிடும்.

அடுத்து, குழலின் பின்வாயோரம். ஊசி அடிப்பது ஓரத்தில் என்பதால், தோட்டா இல்லாமல் விசையை அழுத்தினால் அது நேராகக் குழலின் எஃகையே கொத்தக்கூடும். அங்கே ஒரு பிசிர் எழும்பினால் தோட்டா நுழையவே சிரமப்படும். இதைச் சரிசெய்ய ஒரு கூம்பு வடிவக் கருவி உண்டு. அதை அறைக்குள் நுழைத்துப் பிதுங்கிய இரும்பைப் பழைய இடத்துக்கே தள்ளுவார்கள். இரும்பை அரத்தால் ராவிவிடக் கூடாது, போனது திரும்பாது.

குழல்மேல் எந்தத் தோட்டாவின் பெயர் பொறித்திருக்கிறது என்று படிக்காமல் சுடவே கூடாது. 1890 மாடலில் ஒரு வகை .22 டபிள்யூஆர்எஃப் (வின்செஸ்டர் ரிம்ஃபயர்) தோட்டாவுக்குச் செய்தது. அந்தத் தோட்டாவின் கூடு குறுக்களவில் பெரியது. அதற்கான அறையில் லாங் ரைஃபிளைச் சுட்டால் கூடு உப்பிப் பிளந்து வாயு பின்னால் பீறிடலாம். 1959-இல் வந்த .22 மேக்னம் அதே உருவத்தில் இன்னும் நீளமானது, அழுத்தமும் கூடுதல். பழைய பூட்டு அதற்காகச் செய்ததல்ல. சரியான தோட்டாவிலும் அதிவேக வகையை ஒதுக்கி, சாதாரண வேகத்தையே போடுவது நல்லது.

உள்ளே கெட்டுப்போன குழலையும் காப்பாற்றலாம். பழைய துளையைப் பெரிதாகத் துளைத்து, குண்டைச் சுழல வைக்கும் திருகுவரி உள்ளே வெட்டிய புது எஃகுக் குழாயைச் செருகிப் பற்றவைக்கிறார்கள் அல்லது ஒட்டுகிறார்கள். லாங் ரைஃபிளுக்குப் பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று வரி இருக்கும். நொடிக்கு 330 மீட்டர் வேகத்தில் வெளியேறும் குண்டு, கணக்குப் பார்த்தால், நொடிக்கு 800 சுற்றுக்கும் மேல் சுழல்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் எண்கோணக் குழலும் பழுப்பேறிய நீலப்பூச்சும் அப்படியே இருக்கும். அந்தப் பூச்சை மட்டும் யாரும் தேய்த்துப் புதுப்பிக்காமல் இருக்க வேண்டும். சேகரிப்பாளர்கள் விலை பேசும்போது பார்ப்பது அதைத்தான்.