தீவனம் அல்ல, பொறுக்கியது

சிற்பி ஆண்டி கோல்ட்ஸ்வர்த்தியைப் பற்றிய தமிழ்க் குறிப்பு ஒன்றில் மறுபடியும் அதே தொடர்: 'தீவனப் பொருட்களால் சிற்பம் செய்பவர்'. மூன்றாவது தடவையாகப் படிக்கிறேன். அவர் கையாளும் முள்ளும் பனிக்கட்டியும் கூழாங்கல்லும் எந்த மாட்டுக்குத் தீவனம்?

தவறு எங்கே நேர்ந்தது என்பது தெரிகிறது. ஆங்கிலத்தில் 'ஃபோரேஜ்' செய்த பொருட்கள் என்று இருந்திருக்கும். இந்தச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. வைக்கோல், தீவனம் என்பதே அதன் பழைய அர்த்தம். பிறகு காட்டிலும் கரையிலும் தானாகக் கிடைப்பதை எடுத்துக்கொள்வது என்று விரிந்துவிட்டது. மொழிபெயர்ப்பவர்கள் அகராதியின் முதல் வரியோடு நின்றுவிடுகிறார்கள்.

சிலர் 'திரட்டிய பொருட்கள்' என்கிறார்கள். இதையும் என்னால் ஏற்க முடியவில்லை. நிதி திரட்டுகிறோம், ஆள் திரட்டுகிறோம். அங்கே அளவுதான் முக்கியம். 'தேடிச் சேகரித்த' என்பதும் சரியில்லை. தேடுகிறவருக்கு எது வேண்டும் என்பது முன்பே தெரியும். 1956இல் பிறந்து, ஸ்காட்லாந்தின் பென்பாண்ட் கிராமத்தில் வாழும் இந்தச் சிற்பி அன்றைக்கு அந்த இடத்தில் கிடைப்பதை வைத்தே பல படைப்புகளைச் செய்கிறார். குனிந்து ஓர் இலையை எடுப்பார், நிறம் பார்ப்பார், அடுத்ததை விட்டுவிடுவார். அப்புறம் இலையோடு இலையை முள்ளால் தைப்பார். நம் ஊரில் ஈர்க்குச்சியால் தையல் இலை தைக்கிறார்களே, கிட்டத்தட்ட அதே கைவேலை. காற்றடித்தால் கலைந்துவிடும், புகைப்படம்தான் மிஞ்சும்.

இந்தக் குனிதலுக்கும் பார்த்தெடுத்தலுக்கும் தமிழில் ஒரு சொல் இருக்கிறது: பொறுக்குதல். சுள்ளி பொறுக்குகிறோம், வேப்பங்கொட்டை பொறுக்குகிறோம், கடற்கரையில் சிப்பி பொறுக்குகிறோம். தரையில் கிடப்பதை எடுப்பது, பலவற்றில் ஒன்றைத் தெரிந்தெடுப்பது என்ற இரண்டு பொருளும் அதற்குள் இருக்கின்றன. ஆங்கிலச் சொல்லில்கூட இந்த இரண்டாவது பொருள் இவ்வளவு தெளிவாக இல்லை.

'பொறுக்கி' வசைச்சொல் ஆயிற்றே என்று தயங்குகிறார்கள். எச்சில் பொறுக்கி வயிறு கழுவியவர்களை இழிவாகப் பார்த்த பழக்கம் அந்த வசையில் ஒட்டியிருக்கிறது. அதற்காக நல்ல வினைச்சொல் ஒன்றைக் கைவிடுவதா? 'பொறுக்கியெடுத்த முத்து' என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லையே.

ஃபோரேஜ் செய்வது கீரையும் காளானும் என்றால் பறித்தல் சரி. சிற்பிக்கு அது பொருந்தாது. 'காட்டில் பொறுக்கியெடுத்த இலை, முள், கல்லால் சிற்பம் செய்பவர்' என்று எழுதுங்கள். கொஞ்சம் நீளம்தான், ஆனால் சுள்ளி பொறுக்கிய எவருக்கும் புரியும்.